வீட்டில் மூன்று பிள்ளைகள், மூன்று பருவம்: ஃபோனில் எதை வைக்கலாம், எதை எடுத்துவிடலாம்

மூன்று மாதப் பாப்பா, இரண்டாம் வகுப்புப் பையன், படிப்புக்காக உங்கள் வீட்டிலேயே தங்கியிருக்கும் ஒன்பதாம் வகுப்பு நாத்தனார் மகள் என்று மூவரையும் சொல்லி, "எந்த வயதுக்கு எந்த ஆப் போடலாம்?" என்று கேட்டிருந்தீர்கள். கூடவே தோழி அனுப்பிய இருபது ஆப் கொண்ட பட்டியல் ஒன்றும் இருந்தது. நான் 16 வருடமாக மொபைல் ஆப்களைச் சோதித்துப் பார்க்கும் வேலையில் இருக்கிறேன், இரண்டு பிள்ளைகளின் அம்மா, பெரியவளுக்கு 15, சின்னவனுக்கு 6. அந்த அனுபவத்தில் சொல்கிறேன், பதில் கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

அந்த இருபதில் பாதிக்கு மேல் உங்களுக்குத் தேவையில்லை. எல்லாம் மோசமானவை என்று சொல்லவில்லை, உங்கள் பிள்ளைகள் இப்போது நிற்கும் இடத்துக்கு அவை பொருந்தவில்லை, அவ்வளவுதான். குழந்தை வளர வளர நமக்கு வேண்டிய உதவி மாறிக்கொண்டே இருக்கும். ஆறாவது வாரத்தில் தூக்கத்தைக் கெடுத்த விஷயம் ஆறாவது மாதத்தில் நினைவில்கூட இருக்காது, ஆனால் அதற்காகப் போட்ட ஆப் மட்டும் ஃபோனில் கிடந்து நோட்டிஃபிகேஷன் அனுப்பிக்கொண்டே இருக்கும், சில சமயம் பணமும் எடுத்துக்கொண்டிருக்கும். அதனால் எதை இறக்கும்போதும் இது என் கையில் இருக்கப் போகிறதா குழந்தையின் கையிலா, எப்போது இதை எடுத்துவிடுவேன் என்று கேட்டுக்கொள்வேன். பதில் தெரியாவிட்டால் இறக்க மாட்டேன்.

பாப்பாவிலிருந்து வருகிறேன். கைக்குழந்தை விஷயத்தில் ஃபோன் உண்மையிலேயே உதவுவது தடுப்பூசித் தேதிக்குத்தான், நிறையப் பேர் தவறான ஆப்பைப் போட்டுக்கொள்வதும் இங்கேதான். உங்கள் பட்டியலில் இருப்பவை பெரும்பாலும் அமெரிக்காவில் செய்தவை. அங்கே ஊசி அட்டவணை 2, 4, 6 மாதம் என்று போகும், காசநோய்க்கான பி.சி.ஜி. வழக்கமாகப் போடுவதே இல்லை, தட்டம்மைக்கான முதல் ஊசி ஒரு வயதில்தான். நம் அரசு அட்டவணையில் பிறந்தவுடன் பி.சி.ஜி., போலியோ சொட்டு, ஹெபடைடிஸ் பி, அப்புறம் 6, 10, 14-வது வாரங்கள், 9 மாதம் முடிந்ததும் தட்டம்மை-ரூபெல்லா, அதன் இரண்டாவது தவணையும் மற்ற பூஸ்டர்களும் 16 முதல் 24 மாதத்துக்குள், 5-6 வயதில் இன்னொரு பூஸ்டர் என்று வரும். அமெரிக்க ஆப்பின் நினைவூட்டலை நம்பிக்கொண்டிருந்தால் 14-வது வார ஊசியை நான்காவது மாதம் வரை தள்ளிவிடுவோம். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் அப்படித்தான் நடந்தது, நர்ஸம்மா ஃபோன் செய்து கூப்பிட்ட பிறகுதான் அவர்களுக்கே தெரிந்தது.

இதற்கு மத்திய அரசின் தடுப்பூசித் தளமான யு-வின் போதும். உங்கள் மொபைல் எண்ணில் குழந்தையைப் பதிந்துவிட்டால் அடுத்த ஊசி எப்போது என்று எஸ்.எம்.எஸ். வரும், போட்டதற்கான சான்றிதழையும் இறக்கிக்கொள்ளலாம். கர்ப்பத்தைப் பதிந்தபோது கிடைத்த பிக்மி எண்ணையும் தாய் சேய் நல அட்டையையும் பத்திரமாக வைத்திருங்கள், அட்டையின் எல்லாப் பக்கங்களையும் ஃபோட்டோ எடுத்து கணவர் ஃபோனிலும் ஒரு பிரதி வையுங்கள். தனியார் மருத்துவமனையில் போடுவதென்றால் இன்ஃப்ளுயென்சா, டைஃபாய்டு, ஹெபடைடிஸ் ஏ, சின்னம்மை என்று கூடுதலாக வரும். அந்தத் தேதிகளை எந்த ஆப்பிலும் தேட வேண்டாம், டாக்டர் எழுதிக் கொடுப்பதை அப்படியே ஃபோன் காலண்டரில் போட்டுக்கொள்ளுங்கள். காலண்டரும் ஒரு ஆப்தான், பெற்றோருக்கு அதைவிட உதவியான ஒன்றை நான் இதுவரை பார்க்கவில்லை.

பால் குடித்த நேரம், தூங்கிய நேரம், டயப்பர் கணக்கு எழுதும் ஆப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பிறந்த முதல் சில வாரங்களுக்கு அது நல்லது. ஐந்தாறு நாள் கழிந்த பிறகு ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது சிறுநீர் போகிறதா என்று டாக்டர் கேட்பார், ராத்திரி பகல் தெரியாத அந்த நாட்களில் யாருக்கு நினைவிருக்கும்? பாட்டி, அப்பா, அம்மா மூவரும் மாறி மாறிப் பார்த்துக்கொள்ளும் வீட்டில் ஒரே கணக்கு எல்லோர் ஃபோனிலும் தெரிவது பெரிய நிம்மதி. ஆனால் பெரியவள் பிறந்தபோது நான் அதை நாலு மாதம் விடவில்லை. குழந்தை நன்றாகத் தூங்கிக்கொண்டிருக்கும், அடுத்த பால் நேரம் தாண்டிவிட்டது என்று ஃபோன் ஒலிக்கும், நான் பதறி எழுப்புவேன், அது அழும், நானும் அழுவேன். ஒரு ராத்திரி அம்மா என் கையிலிருந்து ஃபோனை வாங்கி பீரோவில் வைத்துவிட்டு, "புள்ளையைப் பாரு, அது சொல்லும்" என்றார். உங்கள் பாப்பா எடை கூடுகிறது என்று டாக்டர் சொல்லியிருந்தால் இந்த வகை ஆப்பை இன்றைக்கே எடுத்துவிடலாம்.

எடை, உயரம் போட்டுப் பார்க்கும் ஆப் வைத்துக்கொள்வதில் தப்பில்லை, அது எந்த அளவுகோலில் வரைகிறது என்று மட்டும் பாருங்கள். ஐந்து வயதுக்குள் உலக சுகாதார நிறுவனத்தின் 2006-ஆம் வருட வளர்ச்சி அட்டவணையைப் பயன்படுத்துகிறதா என்று அமைப்புகளில் இருக்கும். ஒரு நாள் எடை எவ்வளவு என்பதைவிட கோடு எப்படிப் போகிறது என்பதுதான் முக்கியம். குறைமாதத்தில் பிறந்த குழந்தை என்றால் பிறந்த தேதியைப் போடாமல், பிறந்திருக்க வேண்டிய தேதியை வைத்துக் கணக்கிடும் வசதி அதில் இருக்க வேண்டும், இல்லையென்றால் வீண் பயம்தான் மிஞ்சும். தலை நிற்பது, குப்புற விழுவது, பேச்சு வருவது போன்றவற்றைக் குறித்துக்கொள்ள அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. வெளியிட்டிருக்கும் மைல்ஸ்டோன் டிராக்கர் எனக்குப் பிடிக்கும், இலவசம், 2 மாதம் முதல் 5 வயது வரை. ஆனால் தமிழில் இல்லை. ஆங்கிலம் சிரமமாக இருந்தால் தாய் சேய் நல அட்டையிலேயே மாத வாரியாகப் படம் போட்டிருக்கிறார்கள், அதை அங்கன்வாடி ஊழியரோடு உட்கார்ந்து பார்க்கலாம். ஏதாவது ஒன்று தாமதம் என்று தோன்றினால் "தானா வந்துரும்" என்று சொல்பவர்களைக் கேட்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

மருந்து அளவு கணக்குப் போட்டுத் தரும் ஆப் மட்டும் வேண்டவே வேண்டாம். இதை நான் மிகவும் அழுத்திச் சொல்கிறேன். நம் ஊரில் பாராசிட்டமால் சொட்டு மருந்தில் பொதுவாக 1 மி.லி.க்கு 100 மி.கி. இருக்கும், சிரப்பில் பெரும்பாலும் 5 மி.லி.க்கு 125 அல்லது 250 மி.கி. அதாவது அதே 1 மி.லி. சொட்டு மருந்தில் இருப்பது, 125 சிரப்பைவிட நாலு மடங்கு. எங்கோ ஒரு நாட்டில் கிடைக்கும் பாட்டிலை மனதில் வைத்து எழுதிய ஆப், உங்கள் கையில் இருப்பது எந்தப் பாட்டில் என்று அறியாது. எடைக்கு எவ்வளவு என்று டாக்டரிடம் கேட்டு, பாட்டில் மேலேயே பேனாவால் எழுதி ஒட்டுங்கள். மூன்று மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்கு 100.4 டிகிரி காய்ச்சல் அடித்தால் ஃபோனில் எதையும் தேடாமல் நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும், உங்கள் பாப்பா இப்போதுதான் அந்த எல்லையைத் தாண்டுகிறாள் என்றாலும் சொல்லி வைக்கிறேன்.

தாலாட்டு, மழைச் சத்தம் போடும் ஆப்களில் எனக்குப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஃபோனைத் தொட்டிலுக்குள் வைக்காமல் அறையின் மறுகோடியில் சத்தம் குறைத்து வையுங்கள். தாலாட்டு ஆப் ஒன்று உங்கள் காண்டாக்ட்ஸையும் இருப்பிடத்தையும் கேட்டால் அதை உடனே எடுத்துவிடுங்கள். பாட்டுப் போடுவதற்கு உங்கள் மாமியாரின் நம்பர் எதற்கு?

இன்னும் ஒன்றிரண்டு வருடத்தில் பாப்பா ஃபோனைப் பிடுங்கும் வயதுக்கு வந்துவிடுவாள். 2021-ல் இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் சொன்னது, 2 வயது வரை திரையே வேண்டாம், வெளியூரில் இருக்கும் சொந்தங்களோடு எப்போதாவது வீடியோ கால் பேசுவது மட்டும் பரவாயில்லை, 2 முதல் 5 வயது வரை நாளுக்கு அதிகபட்சம் ஒரு மணி நேரம். இரண்டு வயதுக் குழந்தைக்கு ஏ பி சி டி சொல்லித்தரும் ஆப் என்று வருபவை எதுவும் எனக்கு உடன்பாடில்லை. அந்த வயதில் பேச்சு, எதிரே இருக்கும் முகத்தைப் பார்த்துத்தான் வருகிறது. பஸ்ஸில், ஆஸ்பத்திரி வரிசையில் சமாளிக்க ஏதாவது வேண்டும் என்பது எனக்கும் தெரியும். அதற்கு மூன்று நாலு பாட்டை முன்பே இறக்கி வைத்து, ஏரோபிளேன் மோடில் போட்டுக் கொடுங்கள், பாட்டு முடிந்தால் முடிந்துவிடும், அடுத்தது தானாக ஓடாது. யூடியூப் கிட்ஸ் போடுவதாக இருந்தால் தேடும் வசதியை அணைத்துவிட்டு, நீங்கள் அனுமதித்த வீடியோக்கள் மட்டும் வரும்படி வைக்கும் அமைப்பு அதில் உண்டு, கொஞ்சம் பொறுமையாக உட்கார்ந்து அதைச் செய்தே ஆக வேண்டும். மூன்று நாலு வயதில் கான் அகாடமி கிட்ஸ் நன்றாக இருக்கும், முழுக்க இலவசம், விளம்பரமே கிடையாது, 2 முதல் 8 வயது வரை என்று செய்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில்தான் இருக்கிறது என்பது ஒரு குறை, நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் பேசிக்கொண்டே பார்த்தால் அது குறையாகத் தெரியாது.

இரண்டாம் வகுப்புப் பையனுக்கு வாசிப்புதான் இப்போது முக்கியம். பிரதம் புக்ஸ் 2015-ல் தொடங்கிய ஸ்டோரிவீவர் பாருங்கள், தமிழில் நிறையப் படக் கதைகள், வாசிக்கும் திறனுக்கு ஏற்றபடி நாலு நிலைகளாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள், இலவசமாக இறக்கி பிரிண்ட் எடுத்துக்கூடக் கொடுக்கலாம். கூகுள் 2019-ல் போலோ என்ற பெயரில் கொண்டுவந்து பிறகு ரீட் அலாங் என்று பெயர் மாற்றியது இன்னொன்று. குழந்தை சத்தமாக வாசிக்கும், தியா என்ற பொம்மைப் பெண் கேட்டுக்கொண்டே இருந்து தடுமாறும் சொல்லை எடுத்துக் கொடுப்பாள், தமிழும் உண்டு. என் சின்னவன் எங்கள் முன்னால் வாசிக்கக் கூச்சப்பட்டவன், தியாவிடம் வாசித்து வாசித்து ஒரு மாதத்தில் தாத்தாவுக்குக் கதை படித்துக் காட்டினான். இப்போது அந்த ஆப் எங்கள் ஃபோனில் இல்லை, நூலக அட்டை இருக்கிறது.

பையன் உங்கள் ஃபோனைத்தான் வாங்கி விளையாடுகிறான் என்று எழுதியிருந்தீர்கள், உங்கள் ஜிபே, வாட்ஸ்அப் எல்லாம் அதில்தானே இருக்கும். கொடுப்பதற்கு முன் அந்த ஒரு ஆப்பை மட்டும் பூட்டிக் கொடுக்கலாம். ஆண்ட்ராய்டில் "ஆப் பின்னிங்", ஐஃபோனில் "கைடட் ஆக்சஸ்" என்று அமைப்புகளில் இருக்கும், வெளியே வரும்போது பின் கேட்கும்படி வைத்துவிட்டால், அதைப் போடாமல் அந்த ஆப்பைவிட்டு வெளியே வர முடியாது. ப்ளே ஸ்டோரில் எதை வாங்கினாலும் ஒவ்வொரு முறையும் பாஸ்வேர்டோ கைரேகையோ கேட்கும்படி வையுங்கள்.

பணம் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஏழு நாள் இலவசம் என்று ஒரு கணித ஆப்பை நான் போட்டேன், பையனுக்குப் பிடிக்கவில்லை, மூன்றாம் நாளே ஃபோனிலிருந்து எடுத்துவிட்டேன். எட்டாம் நாள் ஒரு வருடச் சந்தா போய்விட்டது. ஆப்பை அழித்தால் சந்தா ரத்தாகாது, ப்ளே ஸ்டோரில் சந்தாக்கள் என்ற பகுதிக்குப் போய் ரத்து செய்ய வேண்டும், யு.பி.ஐ. ஆப்பில் தானாகப் பணம் போவதற்கான ஆட்டோபே பகுதியையும் ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும். பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே தகவல் வர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதியே இருக்கிறது, அந்த எஸ்.எம்.எஸ்.ஸை விளம்பரம் என்று நினைத்துத் தள்ளிவிடாதீர்கள். இலவசம் என்று வரும் விளையாட்டுகளில் ஆப் பெயருக்குக் கீழேயே விளம்பரம் உண்டா, உள்ளே வாங்க வேண்டியது உண்டா என்று எழுதியிருக்கும். எட்டு வயதுக்குக் கீழே இருக்கும் பிள்ளைக்கு இந்த இரண்டும் இல்லாததை மட்டும் கொடுங்கள். மாதம் கொஞ்சம் காசு கொடுத்து வாங்கும் விளம்பரமில்லாத ஆப், இலவசமானதைவிட எவ்வளவோ மேல்.

எட்டு முதல் பன்னிரண்டு வயது எனக்கு மிகவும் பிடித்த பருவம், ஏனென்றால் அப்போது ஃபோன் பிள்ளையை வீட்டுக்கு வெளியே அனுப்பவும் உதவும். கார்னல் பல்கலைக்கழகத்தின் மெர்லின் பறவை ஆப்பில் இந்தியப் பறவைகளை முன்பே இறக்கி வைத்துக்கொண்டால் நெட் இல்லாமலே ஃபோட்டோவைப் பார்த்து இது செம்போத்து, இது தேன்சிட்டு என்று அடையாளம் சொல்லும், பெயர் ஆங்கிலத்தில் வரும், தமிழ்ப் பெயரை ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிவைக்கச் சொல்லுங்கள், அதுவே ஒரு விளையாட்டு. பிள்ளைகளுக்கு கோடிங் பழக்கும் ஸ்க்ராட்ச்சில் கட்டங்களை இழுத்து வைத்து ஆட்டம் செய்யலாம். பாடத்துக்கு நம் புத்தகத்தில் இருக்கும் கியூஆர் கோடை தீக்‌ஷா ஆப்பில் காட்டினால் அந்தப் பாடத்தின் வீடியோ வரும். தமிழ்நாடு பள்ளிக்கல்வித் துறை 2023-ல் கொண்டுவந்த மணற்கேணி 6 முதல் 12-ஆம் வகுப்பு வரைக்கானது, உங்கள் நாத்தனார் மகளுக்கு அதைப் போட்டுக் கொடுங்கள், தமிழிலும் ஆங்கிலத்திலும் பாடம் இருக்கிறது, கட்டணம் இல்லை. இதை முதலில் பார்த்துவிட்டு, போதவில்லை என்றால் மட்டும் காசு கட்டும் ஆப்பை யோசிக்கலாம். கல்வி ஆப் என்றாலே பாதுகாப்பு என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். 2022-ல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற மனித உரிமை அமைப்பு 49 நாடுகளில் அரசுகள் பரிந்துரைத்த 160-க்கும் மேற்பட்ட கல்வி ஆப், இணையதளங்களை ஆராய்ந்தது, பெரும்பாலானவை பிள்ளைகளின் தகவலைத் தேவைக்கு மேல் எடுத்துக்கொண்டிருந்தன. எதைப் போட்டாலும் இருப்பிட அனுமதியை நீங்களே அணைத்துவிடுங்கள், பாடம் அதில்லாமலும் ஓடும்.

இனி ஒன்பதாம் வகுப்புப் பெண். அவள் ஃபோனில் என்ன செய்கிறாள் என்று அவளுக்குத் தெரியாமல் பார்க்க ஒரு ஆப் வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் பயம் எனக்குப் புரிகிறது, வேறொருவர் பெண், பொறுப்பு உங்கள் தலையில். இருந்தாலும் அதைச் செய்யாதீர்கள். அப்படிப்பட்ட ஆப் வேலை செய்ய ஃபோனின் பாதுகாப்பையே அணைக்கச் சொல்வார்கள், அவளுடைய மெசேஜ், ஃபோட்டோ எல்லாம் யாரோ ஒருவர் சர்வரில் போய் உட்காரும். எம்ஸ்பை என்ற அந்த வகை நிறுவனத்திலிருந்து 2015, 2018, 2024 என்று திரும்பத் திரும்பத் தகவல் கசிந்திருக்கிறது. அதைவிடப் பெரிய நஷ்டம், என்றைக்காவது ஒருவன் அவளை மிரட்டினால் அவள் உங்களிடம் வர மாட்டாள். அவளுக்குத் தெரிந்தே செய்யுங்கள். கூகுளின் ஃபேமிலி லிங்க்கில் நேர வரம்பு, ராத்திரி எத்தனை மணிக்கு ஃபோன் பூட்ட வேண்டும், எந்த ஆப் இறக்கலாம் என்பதை வைக்கலாம், ஐஃபோனில் ஸ்க்ரீன் டைம் என்று அதுவே இருக்கிறது. இருவரும் சேர்ந்து உட்கார்ந்து போடுங்கள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒரு கட்டுப்பாட்டைத் தளர்த்துங்கள். டியூஷனிலிருந்து வரும்போது கூகுள் மேப்ஸில் ஒரு மணி நேரத்துக்கு இருப்பிடம் பகிரச் சொல்லுங்கள், நீங்கள் வெளியே போகும்போது நீங்களும் அவளுக்குப் பகிருங்கள்.

இன்ஸ்டாகிராம் கேட்கிறாள் என்றீர்கள். 13 வயதுக்கு மேல் என்பதால் விதிப்படி வைக்கலாம். சரியான பிறந்த வருடம் போட்டால்தான் டீன் அக்கவுண்ட் என்ற பாதுகாப்பு வரும், கணக்கு தானாகவே தனிப்பட்டதாக இருக்கும், 16 வயதுக்குள் அதைத் தளர்த்தப் பெற்றோர் அனுமதி வேண்டும். வயதைக் கூட்டிப் போட்டால் அந்தப் பாதுகாப்பு முழுவதும் போய்விடும், அவளுக்கு இதை விளக்கிச் சொல்லுங்கள். மாதவிடாய் தேதி குறிக்கும் ஆப்பும் அவள் வைத்திருக்கலாம், அதில் தலையிட வேண்டாம், ஆனால் தகவல் ஃபோனுக்குள்ளேயே இருக்கும் ட்ரிப் (drip) ஆப் போன்றதை எடுத்துக் கொடுங்கள். ஃப்ளோ என்ற பிரபலமான ஆப், பெண்களின் தகவலை ஃபேஸ்புக், கூகுள் போன்ற நிறுவனங்களுக்குக் கொடுத்தது என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் நடவடிக்கை எடுத்து, 2021-ல் சமரசத்தில் முடிந்தது. இது எதுவும் வேண்டாமென்றால் சமையலறைக் காலண்டரில் ஒரு புள்ளி வைத்தாலும் போதும். அவள் ஃபோனில் இரண்டு எண்களைப் பதிந்து கொடுங்கள், குழந்தைகளுக்கான 1098, இணைய மோசடிக்கான 1930.

ஆக, உங்கள் ஃபோனில் இன்றைக்கு இருக்க வேண்டியது யு-வின், காலண்டர், பையனுக்கு வாசிக்க ஒன்று. பெண்ணின் ஃபோனில் மணற்கேணி, ஃபேமிலி லிங்க். பட்டியலில் மற்றவற்றை விட்டுவிடலாம். பாப்பாவுக்கு மூன்று மாதம் முடிகிறது என்றால் 14-வது வார ஊசி இந்த வாரமோ அடுத்த வாரமோ வரும், அட்டையை எடுத்துத் தேதியைப் பார்த்துவிடுங்கள்.